கையில் ஒரு வாரம்: ரோமா, ஏதென்ஸா, ஆண்டலூசியாவா?

ஐரோப்பாவின் பழைய நகரங்களைப் பார்க்க ஆசை. லீவு கிடைப்பதோ ஒரு வாரம். ரோமுக்குப் போவதா, ஏதென்ஸுக்கா, இல்லை ஸ்பெயினின் தெற்கே இருக்கும் ஆண்டலூசியாவுக்கா? இந்தக் கேள்வி எனக்கு அடிக்கடி வருகிறது. கேட்பவர்களில் சிலர் மூன்றையும் ஏழு நாளில் அடக்கிய திட்டம் ஒன்றையும் கூடவே அனுப்பி, "சரியா இருக்கா பாருங்க" என்கிறார்கள். சரியாக இல்லை. ரோமிலிருந்து ஏதென்ஸுக்கு விமானத்தில் இரண்டு மணி நேரம்தான். ஆனால் அறையைக் காலி செய்து, விமான நிலையம் போய், சோதனை தாண்டி, இறங்கி, அடுத்த ஊர் அறையில் பையை வைப்பதற்குள் ஒரு பகல் கழிந்துவிடும். அப்படி இரண்டு பகலை விமான நிலையத்துக்குக் கொடுத்துவிட்டால், மிச்சத்தில் ஓட்டமும் நடையுமாகப் படம் எடுக்கத்தான் நேரம் இருக்கும். எனவே ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்.

எது உயர்ந்தது என்ற பட்டிமன்றம் நமக்கு வேண்டாம். உங்களுக்கு எது பொருந்தும் என்பதுதான் கேள்வி. கீழே வரும் விலைகள் 2025 நிலவரம். கிளம்பும் முன் அந்தந்த இடத்தின் அதிகாரபூர்வத் தளத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோலை யாரும் கேட்பதே இல்லை. எனக்கு அதுதான் முக்கியம்: நீங்கள் பார்க்கப் போவது முழுதாக நிற்கும் கட்டடமா, இடிபாடா?

நமக்குப் பழமை என்றால் தஞ்சைப் பெரிய கோயில் மாதிரி. 1010-இல் கட்டி முடித்தது, இன்றும் பூசை நடக்கிறது, பிரகாரத்தில் பிள்ளைகள் ஓடுகின்றன. அந்தக் கண்ணோடு போய், பழைய ரோமின் பொதுச் சதுக்கமான ரோமானிய மன்றத்தில் நின்றால் பாதித் தூண்கள், புல், அடித்தளக் கற்கள். "இவ்வளவுதானா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் குறை சொல்ல முடியாது. இடிபாட்டைப் பார்க்கும்போது இல்லாத பாதியை மனதுக்குள் கட்டிக்கொள்ள வேண்டும். அதற்குக் கொஞ்சம் முன்படிப்பு தேவை, அல்லது நல்ல வழிகாட்டி தேவை. இரண்டும் இல்லாமல் இடிபாடு பார்க்கப் போவது வெயிலில் கல் எண்ணுகிற வேலை.

இரண்டாவது, மாதம். தெற்கு ஐரோப்பா குளிர்ப் பிரதேசம் என்று நினைத்துக்கொண்டு ஜூலையில் போகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்டில் கோர்டோபா மாகாணத்தில் 47 டிகிரியைத் தாண்டியது.

மூன்றாவது, காலும் பையும்: எவ்வளவு ஏற வேண்டும், எத்தனை முறை ஹோட்டல் மாற வேண்டும். நான்காவது, டிக்கெட் கெடுபிடி. ஐந்தாவது, முதலில் கண்ணில் படாத செலவு. ஆறாவது சாப்பாடு, சைவம் மட்டுமே சாப்பிடும் வீடுகளில் இது முதல் இடத்துக்கே வந்துவிடும்.

## ரோம்

ரோமின் பலம், எல்லாம் கலந்து கிடைப்பது. முழுதாக நிற்பதும் உண்டு, இடிந்ததும் உண்டு, ஒன்றின் மேல் ஒன்றாகக் கட்டியதும் உண்டு. இடிபாடு சலித்தால் ஐந்து நிமிட நடையில் கூரையுள்ள ஏதோ ஒன்று இருக்கும்.

முழுதாக நிற்பதில் முதலிடம் பழைய ரோமானியக் கோயிலான பாந்தியனுக்கு. பேரரசர் ஹாட்ரியன் காலத்தில், சுமார் 125-இல் முடிந்தது. 609-இலிருந்து தேவாலயமாக இருந்துவருவதால் தப்பித்தது. குவிமாடத்தின் விட்டமும் தரையிலிருந்து அதன் உச்சிவரை உள்ள உயரமும் ஏறக்குறைய ஒன்றே, 43 மீட்டருக்குச் சற்று மேல். உள்ளே இரும்புக் கம்பி கிடையாது, வெறும் கான்கிரீட். கம்பி இல்லாத கான்கிரீட் குவிமாடங்களில் இன்றும் இதுதான் உலகிலேயே பெரியது. உச்சியில் திறந்த வட்டம் ஒன்று. மழை பெய்தால் உள்ளேதான் விழும், தரையிலுள்ள சிறு துளைகள் வழியே வடியும். மழை நாளில் பெரும்பாலோர் ஹோட்டலில் முடங்குவார்கள். நீங்கள் பாந்தியனுக்குப் போங்கள். 2023 ஜூலையிலிருந்து 5 யூரோ நுழைவுக் கட்டணம்.

கொலோசியம் 80-ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. சாதாரண டிக்கெட் 18 யூரோ. ரோமானிய மன்றமும் பாலட்டைன் குன்றும் அதிலேயே அடக்கம். கீழ்த்தளச் சுரங்க அறைகளைப் பார்க்கத் தனி டிக்கெட் வேண்டும். கெடுபிடி இங்கேதான் தொடங்குகிறது: டிக்கெட்டில் பெயர் இருக்கும், பாஸ்போர்ட்டோடு ஒத்துப் பார்ப்பார்கள், விற்பனை 30 நாளுக்கு முன்தான் திறக்கும், கீழ்த்தள டிக்கெட் சூட்டோடு சூடாகத் தீர்ந்துவிடும். அப்புறம் கிடைப்பதெல்லாம் இடைத்தரகர்கள் "வழிகாட்டியுடன்" என்று சேர்த்து இரண்டு மூன்று மடங்கு விலைக்கு விற்பது. சாதாரண டிக்கெட் கிடைத்தால் போதும், கீழ்த்தளம் பார்க்காததால் ஒன்றும் குறைந்துவிடாது என்பது என் கட்சி.

பாலட்டைன் குன்றை அவசரமாகக் கடக்காதீர்கள். கோவைப் பக்கம் மண்ணுக்குள்ளிருந்து குவியல் குவியலாக எடுத்த ரோமானியக் காசுகளில் பேரரசர்கள் அகஸ்டஸ், டைபீரியஸ் முகங்கள் இருக்கும். எழும்பூர் அருங்காட்சியகத்தில் அந்த வகைக் காசுகளைப் பார்த்திருப்பீர்கள். அவர்கள் குடியிருந்த வீடுகளின் மிச்சம் இந்தக் குன்றில்தான் இருக்கிறது. நம் ஊர் மிளகுக்கு அவர்கள் கொடுத்த விலைதான் அந்தக் காசு.

வத்திக்கான் அருங்காட்சியகத்துக்கு 20 யூரோ, இணையத்தில் எடுத்தால் கூடுதலாக 5. அந்த 5 யூரோவைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கலாம், இல்லாவிட்டால் மதில் ஓரத்தில் மணிக்கணக்கில் நிற்க நேரும். மாதத்தின் கடைசி ஞாயிறு இலவசம் என்பார்கள். அன்று ஊரே அங்கே இருக்கும், போகாதீர்கள். மற்ற ஞாயிறுகளில் மூடியிருக்கும். புனித பேதுரு பேராலயம் இலவசம். தோளும் முழங்காலும் மூடிய உடை வேண்டும். சேலை, சுடிதாருக்குப் பிரச்சினை இல்லை. அரைக்கால் சட்டை போட்ட ஆண்களைத்தான் வாசலிலேயே நிறுத்துகிறார்கள்.

எனக்கு ரோமில் பிடித்தது பெரிய பெயர் இல்லாத இரண்டு இடங்கள். ஒன்று, கொலோசியத்திலிருந்து சற்றுத் தள்ளி இருக்கும் சான் கிளமென்ட்டே. தெரு மட்டத்தில் 12-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். படியிறங்கினால் அதற்கு அடியில் 4-ஆம் நூற்றாண்டுத் தேவாலயம். இன்னும் இறங்கினால் முதல் நூற்றாண்டு வீட்டுச் சுவர்கள், குறுகலான சந்து, ரோமானியர் வணங்கிய மித்ரா என்ற தெய்வத்தின் பலிபீடம். அங்கே நின்றால் சுவருக்கு அப்பால் எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்கும். ரோம் எப்படி வளர்ந்தது என்று புத்தகம் பத்துப் பக்கத்தில் சொல்வதை இந்தப் படிக்கட்டு கால்மணி நேரத்தில் காட்டிவிடும். இன்னொன்று சான் லூயிஜி தேவாலயம். அங்கே ஓவியர் காரவாஜ்ஜோவின் புனித மத்தேயு ஓவியங்கள் மூன்று இருக்கின்றன. பார்க்கக் கட்டணம் இல்லை, ஆனால் மூலை இருட்டு. பெட்டியில் காசு போட்டால் விளக்கு எரியும், சில நிமிடத்தில் அணைந்துவிடும். யாராவது காசு போடட்டும் என்று எல்லோரும் இருட்டில் காத்து நிற்பதும் ஒரு வேடிக்கைதான்.

ஒளிந்திருக்கும் செலவு. இரவு வரி. மூன்று நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு ஓர் இரவுக்கு 6 யூரோ, நான்கில் 7.50, ஐந்தில் 10. நான்கு பேர், ஆறு இரவு, மூன்று நட்சத்திரம் என்றால் 144 யூரோ. முன்பதிவு செய்யும்போது காட்டும் விலையில் இது பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ஹோட்டலில் நேரில் கேட்பார்கள். உணவகங்களில் ரொட்டிக் காசு என்று பில்லில் ஒரு வரி வரும். காபியை நின்றுகொண்டே குடித்தால் ஒரு விலை, உட்கார்ந்தால் வேறு விலை. சதுக்கத்தைப் பார்த்த நாற்காலி என்றால் கேட்கவே வேண்டாம். தண்ணீருக்கு மட்டும் செலவில்லை. தெருவெங்கும் இருக்கும் இரும்புக் குழாய்களில் நாள் முழுக்கக் குடிநீர் ஓடுகிறது, பாட்டிலில் பிடித்துக்கொள்ளுங்கள்.

சாப்பாடு. சைவத்துக்குப் பாதகமில்லை. எடைபோட்டு விற்கும் பீட்சாவில் உருளைக்கிழங்கு, தக்காளி, சுக்கினி என்று வகைகள் உண்டு. கண்டிப்பான சைவர்கள் ஒன்று தெரிந்துகொள்ள வேண்டும்: ரோமின் பெக்கொரீனோ பாலாடைக்கட்டியை உறைய வைப்பது ஆட்டுக்குட்டி வயிற்றிலிருந்து எடுக்கும் நொதியால். வெறும் சீஸும் மிளகும்தானே என்று நினைத்துச் சாப்பிடும் பாஸ்தாவிலும் அது இருக்கும். சுப்ளி என்ற சாத உருண்டையில் பெரும்பாலும் இறைச்சி உண்டு. சோறு இல்லாமல் முடியாது என்பவர்களுக்கு தெர்மினி நிலையத்தை அடுத்த பியாட்சா விட்டோரியோ பக்கம் இந்திய, வங்கதேசக் கடைகள் இருக்கின்றன.

எப்போது ரோம் சரி. முதல்முறை ஐரோப்பா போகிறவர்களுக்கு, பிள்ளைகளோடு போகிறவர்களுக்கு, நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் மட்டுமே லீவு கிடைப்பவர்களுக்கு. குளிரிலும் மழையிலும் பார்க்க உள்ளரங்கு நிறைய இருக்கும் ஊர் மூன்றில் இதுதான். ஒரே ஹோட்டலில் ஏழு இரவும் தங்கலாம். எப்போது வேண்டாம்? தள்ளுநாற்காலி தேவைப்படும் பெரியவர்கள் உடன் வந்தால் யோசியுங்கள். கொலோசியத்தில் லிஃப்ட் உண்டு. ஆனால் பழைய நகரத் தெருக்கள் முழுக்கக் கருங்கல் பதித்தவை, சக்கரம் ஒவ்வொரு கல்லிலும் தட்டும்.

ஒரு நாளை பொம்பெய்க்கு ஒதுக்கலாம். நேப்பிள்ஸுக்கு அதிவேக ரயிலில் ஒரு மணி பத்து நிமிடம், அங்கிருந்து உள்ளூர் ரயிலில் முக்கால் மணிக்குள். 79-இல் எரிமலைச் சாம்பல் மூடிய ஊர். அங்கே கிடைத்த இந்தியத் தந்தச் சிலை ஒன்று நேப்பிள்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 2024 நவம்பரிலிருந்து பொம்பெய்க்குள் நாளுக்கு 20,000 பேருக்கு மேல் விடுவதில்லை, அங்கேயும் டிக்கெட்டில் பெயர் வேண்டும்.

## ஏதென்ஸ்

நேராகச் சொல்லிவிடுகிறேன்: ஏதென்ஸ் நகருக்கு மூன்று நாள் போதும். ஏதென்ஸைத் தேர்ந்தெடுக்க உண்மையான காரணம் அதற்கு வெளியே இருப்பவை. டெல்ஃபி, மைசீனி, எபிடாரஸ் போன்ற பழங்கிரேக்க இடங்களில் ஆர்வம் இல்லை என்றால் ஏதென்ஸுக்காக ஒரு வாரம் செலவிட வேண்டாம்.

அக்ரோபோலிஸ் மலைமேல் நிற்கும் பார்த்தனான் கோயில் கி.மு. 447-இல் தொடங்கி 432-இல் முடிந்தது. கோயிலாக, தேவாலயமாக, மசூதியாக இரண்டாயிரம் ஆண்டுக்கு மேல் கூரையோடுதான் நின்றது. இன்றைய இடிபாட்டுக்குக் காலம் காரணமில்லை. 1687-இல் துருக்கியர் உள்ளே வெடிமருந்தை அடுக்கி வைத்திருந்தபோது வெனிஸ் படையின் குண்டு விழுந்தது. மிஞ்சிய சிற்பங்களில் ஏறக்குறைய பாதியை 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எல்ஜின் பிரபு கழற்றிக்கொண்டு போனார். அவை இன்று லண்டனில். இந்தக் கதை தெரியாமல் மலை ஏறினால் தூண்கள் மட்டும்தான் தெரியும்.

எனவே வழக்கமான வரிசையை மாற்றுங்கள். முதலில் கீழே உள்ள அக்ரோபோலிஸ் அருங்காட்சியகம், அப்புறம் மலை. 2009-இல் திறந்த இந்தக் கட்டடத்தின் நுழைவில் கண்ணாடித் தரை, கால்களுக்குக் கீழே தோண்டியெடுத்த பழைய குடியிருப்பு. மேல் தளம் பார்த்தனான் இருக்கும் திசைக்கே திருப்பிக் கட்டியது. கோயிலைச் சுற்றி ஓடிய சிற்ப வரிசையை அதே வரிசையில் வைத்திருக்கிறார்கள். ஏதென்ஸில் மிஞ்சிய கற்கள் தேன் நிறத்தில், லண்டனில் இருப்பவற்றுக்குப் பதிலாக வெள்ளை வெளேரென்று சுண்ண அச்சுகள். ஒரே குதிரையின் தலை ஒரு நிறம், உடல் வேறு நிறம் என்று பார்க்கும்போது யாரும் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

டிக்கெட் விஷயம் 2025 ஏப்ரலில் மாறிவிட்டது. முன்பு பல இடங்களுக்குச் சேர்த்து 30 யூரோ டிக்கெட் இருந்தது. அதை எடுத்துவிட்டார்கள், இப்போது அக்ரோபோலிஸுக்கு மட்டுமே 30 யூரோ, குளிர்காலச் சலுகையும் போயிற்று. பழைய சந்தைச் சதுக்கமான அகோரா, ஒலிம்பிய சீயஸ் கோயில் எல்லாம் தனித்தனி. இணையத்தில் சுற்றும் பழைய பயணக் குறிப்புகள் இன்னும் அந்தக் கூட்டு டிக்கெட்டையே பரிந்துரைக்கின்றன, நம்பி ஏமாறாதீர்கள். நுழையும் நேரத்தை முன்கூட்டியே தேர்ந்தெடுக்க வேண்டும்; நாளுக்கு 20,000 பேர் என்று வரம்பு. காலை முதல் நேரமே நல்லது. சுண்ணாம்புப் பாறை பல்லாயிரம் கால்கள் பட்டு வழுவழுத்துக் கிடக்கிறது, அங்கே செருப்பு உதவாது, பிடிப்புள்ள ஷூ வேண்டும். நடக்க முடியாதவர்களுக்கு மட்டும் லிஃப்ட் உண்டு. நவம்பர் முதல் மார்ச் வரை மாதத்தின் முதல் ஞாயிறு இலவசம்.

வெயில்தான் ஏதென்ஸின் பெரிய பலவீனம். மலையில் நிழலே இல்லை. கடும் வெப்ப நாட்களில் நண்பகலிலிருந்து மாலை 5 வரை அக்ரோபோலிஸையே மூடிவிடுகிறார்கள். 2023-இலிருந்து இது கோடைதோறும் நடக்கிறது. இன்னொன்று, மே 1 அன்று மூடியிருக்கும். பள்ளி விடுமுறையில் போகிறவர்கள் அந்தத் தேதியைக் கவனியுங்கள்.

வெளியூர்களில் டெல்ஃபிக்கே என் ஓட்டு. ஏதென்ஸிலிருந்து சுமார் 180 கி.மீ., பேருந்தில் மூன்று மணி நேரம். மலைச்சரிவில் அப்போலோ கோயிலின் மிச்சம், அதற்கு மேல் நாடக அரங்கு, கீழே ஆலிவ் மரங்களால் நிறைந்த பள்ளத்தாக்கு. அங்கேயே உள்ள அருங்காட்சியகத்தில் வெண்கலத் தேரோட்டி நிற்கிறான். கி.மு. 5-ஆம் நூற்றாண்டுக்காரன். பக்கத்தில் போய் முகத்தைப் பாருங்கள்: பதித்த கண்கள், அவற்றைச் சுற்றிச் செம்புத் தகட்டில் வெட்டிய இமை மயிர்கள் ஒவ்வொன்றாக. எபிடாரஸ் அரங்கில் சுமார் 14,000 பேர் உட்காரலாம். கோடையில் இன்றும் அங்கே பழைய கிரேக்க நாடகங்கள் நடக்கின்றன. எபிடாரஸையும் மைசீனியையும் ஒரே நாளில் பார்க்கக் கார் வைத்துக்கொள்வது வசதி. குழுப் பேருந்தும் உண்டு. ஆனால் மதியச் சாப்பாட்டுக்கு அவர்கள் நிறுத்தும் இடத்தில்தான் சாப்பிட்டாக வேண்டும்.

ஒளிந்திருக்கும் செலவு. இங்கேயும் இரவு வரி உண்டு, ஆனால் ஆளுக்கு அல்ல, அறைக்கு. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மூன்று நட்சத்திரத்துக்கு 5 யூரோ, நான்குக்கு 10, ஐந்துக்கு 15. குளிர்காலத்தில் குறைவு. குடும்பமாக ஓர் அறையில் தங்கினால் ரோமைவிட மலிவு. விமான நிலைய மெட்ரோ டிக்கெட் 9 யூரோ. ஊருக்குள் சாதாரண டிக்கெட் 1.20. வெளியூர்ப் பயணங்கள்தான் பட்ஜெட்டைத் தின்னும்.

சாப்பாடு. மூன்றில் சைவர்களுக்கு மிக நல்ல ஊர் இதுதான், இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. கிரேக்க ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களுக்கு விரத நாட்கள் அதிகம். அந்த நாட்களில் இறைச்சி, பால், முட்டை கூடாது. அதற்கென்றே வளர்ந்த சமையல் ஒன்று இருக்கிறது: தக்காளிச் சாற்றில் வெந்த பெரிய வெள்ளைப் பயறு, சோறு அடைத்த தக்காளி, எண்ணெயில் வதக்கி வேகவைத்த பச்சை பீன்ஸ், மஞ்சள் பட்டாணி மசியல். "நிஸ்தீசிமோ" என்று கேட்டால் விரதச் சாப்பாடு என்று புரிந்துகொள்வார்கள். சிப்பி, கணவாய் போன்றவை அந்த விரதத்தில் அனுமதி என்பதால் அதை மட்டும் தனியாகச் சொல்லிவிடுங்கள்.

எப்போது ஏதென்ஸ் சரி. கிரேக்கக் கதையோ தத்துவமோ படித்து ஊறியவர்களுக்கு. பழைய பொறியியலில் ஆர்வம் உள்ளவர்களுக்கும்: தேசியத் தொல்லியல் அருங்காட்சியகத்தில், கடலடிக் கப்பலிலிருந்து எடுத்த பல்சக்கர வானியல் கருவியான ஆண்டிகிதிரா இயந்திரம் இருக்கிறது. ஏப்ரல், மே, அக்டோபரில் போகிறவர்களுக்கு. இவை எதுவும் பொருந்தாவிட்டால், ஏதென்ஸ் அடுத்த முறைக்கு இருக்கட்டும்.

## ஆண்டலூசியா

இது ஒரு ஊரல்ல, மூன்று: செவில், கோர்டோபா, கிரனாடா. அதுவே இதன் சிக்கல். ஆனால் இடிபாடு பிடிக்காதவர்களுக்கு இதுதான் பதில். இங்கே பெரும்பாலானவை கூரையோடு, சுவரோடு, ஓடும் நீரோடு அப்படியே இருக்கின்றன.

கோர்டோபாவின் பெரிய மசூதி 785-இல் தொடங்கியது. இன்று உள்ளே 856 தூண்கள். பல தூண்கள் பழைய ரோமானியக் கட்டடங்களிலிருந்தும், ரோமானியருக்குப் பின் ஸ்பெயினை ஆண்ட விசிகோதியரின் கட்டடங்களிலிருந்தும் எடுத்தவை, உயரம் போதாதவை. அதனால் ஒரு வளைவின் மேல் இன்னொரு வளைவு வைத்துக் கூரையை உயர்த்தினார்கள். சிவப்பும் வெள்ளையுமாக மாறி மாறி வரும் அந்த இரட்டை வளைவுகள் அழகுக்காக வந்தவை என்று தோன்றும். காரணம் குட்டைத் தூண்கள்தான். 1236-இல் கிறிஸ்தவர்கள் ஊரைப் பிடித்தார்கள், 16-ஆம் நூற்றாண்டில் மசூதியின் நட்டநடுவில் ஒரு பேராலயத்தை எழுப்பினார்கள். தூண் காட்டுக்குள் நடந்துகொண்டே இருக்கும்போது திடீரென்று கூரை வானத்துக்கு ஏறிப் பளிங்கும் பொன்னுமாக இன்னொரு உலகம். கோபம் வருமா, வியப்பு வருமா என்பது அவரவர் பாடு. திங்கள் முதல் சனி வரை காலை 8.30 முதல் 9.30 வரை வழக்கமாக இலவசம். பணத்துக்காக இல்லாவிட்டாலும் அமைதிக்காக அந்த நேரத்தில் போகலாம்.

கிரனாடாவின் அல்ஹம்ப்ராவுக்காக மட்டுமே இந்தப் பயணத்தைத் தேர்ந்தெடுக்கலாம். 1238-இல் தொடங்கிய, நஸ்ரிய வம்ச முஸ்லிம் மன்னர்களின் கோட்டை நகரம், 1492-இல் ஸ்பானிய அரசர்களிடம் போனது. சுவரைக் கவனியுங்கள்: இடுப்பளவு வரை வண்ண ஓடு, அதற்கு மேல் சுண்ணப் பூச்சில் செதுக்கல், மேலே மரக்கூரை. விலையுயர்ந்த கல் குறைவு, உழைப்புதான் அதிகம். "அல்லாவைத் தவிர வெல்பவர் இல்லை" என்ற வாசகம் திரும்பத் திரும்ப வருகிறது. தோற்றுக்கொண்டிருந்த ஒரு சிற்றரசு அதை எழுதியது என்று நினைத்தால் வேறு மாதிரி இருக்கும். சிங்க முற்றத்தில் 124 தூண்கள், நடுவில் 12 சிங்கங்கள் தாங்கும் நீரூற்று. கோலம் போடத் தெரிந்தவர்கள் ஓட்டு வேலைப்பாடுகளின் முன் நின்று, எந்தப் புள்ளியில் தொடங்கினான் என்று தேட ஆரம்பித்துவிடுவார்கள். அவர்களுக்குத் தனி நேரம் ஒதுக்குங்கள்.

கெடுபிடி மூன்று இடங்களிலும் இங்கேதான் உச்சம். டிக்கெட் பெயரிலும் பாஸ்போர்ட் எண்ணிலும் வரும். அரைமணிக்கு 300 பேர் என்ற கணக்கில்தான் நஸ்ரிய அரண்மனைக்குள் விடுவார்கள். உங்கள் நேரம் தவறினால் அவ்வளவுதான், கெஞ்சினாலும் விடமாட்டார்கள். நுழைவாயிலிலிருந்து அரண்மனை வாசல் வரையே கால்மணிக்கு மேல் நடை என்பதைப் பலர் கணக்கில் வைப்பதில்லை. சீசனில் டிக்கெட் பல வாரம் முன்பே தீர்ந்துவிடும். எனவே வரிசை இப்படி: முதலில் அல்ஹம்ப்ரா டிக்கெட், அப்புறம் ரயில், அப்புறம் ஹோட்டல். தோட்டத்துக்கும் கோட்டைக்கும் மட்டும் கிடைத்தது, அரண்மனைக்கு இல்லை என்றால், என்னைக் கேட்டால் தேதியை மாற்றுங்கள்.

செவிலைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும்: பெரிய கோதிக் பேராலயம், அதன் மணிக்கூண்டாகிவிட்ட பழைய மசூதிக் கோபுரம் ஹிரால்டா, அல்காசர் அரண்மனை. ஹிரால்டாவில் படிக்கட்டுக்குப் பதில் சரிவுப் பாதை. முழங்கால் வலி உள்ளவர்களும் மெதுவாக ஏறிவிடலாம்.

ஒளிந்திருக்கும் செலவு. இங்கே இரவு வரி இல்லை, ஆனால் மாற்றிமாற்றிப் போவதே செலவு. செவிலிலிருந்து கோர்டோபா அதிவேக ரயிலில் முக்கால் மணி. அங்கிருந்து கிரனாடா ஒன்றரை மணிக்குச் சற்று மேல். குறைந்தது இரண்டு ஹோட்டல். கிரனாடாவின் அல்பைசின் பகுதியில் அறை மலிவு, காட்சி அருமை என்று பதிவு செய்வார்கள். அந்தச் சந்துகளுக்குள் டாக்ஸி எல்லா இடத்துக்கும் வராது. கூழாங்கல் பதித்த ஏற்றத்தில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது மிச்சப்படுத்திய பணம் ஞாபகத்துக்கு வராது. ஈஸ்டருக்கு முந்தைய வாரம் செவிலில் ஹோட்டல் விலை எகிறும், ஊர்வலங்களால் தெருக்கள் அடைபடும். அதைப் பார்க்கவே போனால் சரி, தெரியாமல் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது.

சாப்பாடு. மூன்றில் சிரமமான இடம். பன்றித் தொடைக் கறி எங்கே ஒளிந்திருக்கும் என்றே தெரியாது. தக்காளிக் கூழ் சூப் கேட்டால் மேலே தூவி வரும். காய்கறி வதக்கலில் துண்டுகள் கிடக்கும். "சின் ஹமோன்" (அந்தக் கறி இல்லாமல்) என்று சொல்லக் கற்றுக்கொள்ளுங்கள். கிரனாடாவில் குடிக்க எது கேட்டாலும் கூடவே ஒரு சிறு தட்டு இலவசமாக வரும், அது பெரும்பாலும் அசைவம். பசலைக்கீரையும் கொண்டைக்கடலையும் சேர்ந்த செவில் கூட்டும், தேன் ஊற்றிய கத்தரிக்காய் வறுவலும் கைகொடுக்கும். மதியச் சாப்பாடு 2 மணிக்கு, இரவு 9-க்கு மேல். ஏழரைக்கே பசிக்கும் பிள்ளைகள் இருந்தால் அறையில் ஏதாவது வைத்திருங்கள்.

எப்போது ஆண்டலூசியா சரி. மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பரில் போகிறவர்களுக்கு, தம்பதிகளுக்கு, கட்டடக் கலை, ஓவியம், இசை என்று கண்ணும் காதும் உள்ளவர்களுக்கு. ஜூலை, ஆகஸ்டில் சும்மா கொடுத்தாலும் வேண்டாம்.

## பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

| | ரோம் | ஏதென்ஸ் | ஆண்டலூசியா |
|---|---|---|---|
| பார்ப்பது | கலவை | பெரும்பாலும் இடிபாடு | முழுக் கட்டடங்கள் |
| நல்ல மாதம் | அக்டோபர் – மே | ஏப்ரல், மே, அக்டோபர் | மார்ச், ஏப்ரல், அக்டோபர், நவம்பர் |
| ஹோட்டல் மாற்றம் | வேண்டாம் | வேண்டாம் | குறைந்தது ஒன்று |
| டிக்கெட் கெடுபிடி | அதிகம் | நடுத்தரம் | மிக அதிகம் |
| இரவு வரி | ஆளுக்கு | அறைக்கு | இல்லை |
| சைவச் சாப்பாடு | நன்று | மிக நன்று | சிரமம் |
| முன்படிப்பு | கொஞ்சம் | நிறைய | கொஞ்சம் |

## அப்பா அம்மாவோடு போகிறவர்களுக்கு

கேள்வி அனுப்புகிறவர்களில் நிறையப் பேர் பெற்றோரைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் என்பதால் தனியாகச் சொல்கிறேன். நன்றாக நடப்பவர்கள் என்றால் ரோம். தேவாலயத்துக்குத் தேவாலயம் உட்கார இடம் உண்டு, சலிப்பு வராது. கொஞ்சம்தான் நடப்பார்கள், ஆனால் அவசரம் இல்லை என்றால் செவிலில் தங்கி, ஒரு நாள் கோர்டோபா போய்வந்து, அல்ஹம்ப்ராவுக்காகக் கிரனாடாவில் இரண்டு இரவு. பெற்றோரை ஏதென்ஸுக்கு அழைத்துப்போவதை நான் ஊக்குவிக்க மாட்டேன். மலையேற்றம் ஒரு பக்கம், ஏறிய பிறகு "கோயில் எங்கே?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லுவது இன்னொரு பக்கம்.

## விசாவும் இரண்டைச் சேர்ப்பதும்

சிங்கப்பூர், மலேசியா பாஸ்போர்ட் உள்ளவர்கள் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகலாம். இந்திய, இலங்கை பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விசா வேண்டும். மூன்று நாடுகளுக்கும் அதே விசாதான். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ, 6 முதல் 12 வயது வரை 45. விண்ணப்ப மையத்தின் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்கான மருத்துவக் காப்பீடு கட்டாயம். விசா மறுத்தாலும் பணம் திரும்பாது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே விண்ணப்பிக்கலாம்.

எந்த நாட்டில் அதிக இரவு தங்குகிறீர்களோ அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். சமமாக இருந்தால் முதலில் நுழையும் நாடு. நேர்காணல் தேதி எளிதில் கிடைக்கிறது என்பதற்காக ஒரு நாட்டில் விண்ணப்பித்துவிட்டு வேறு நாட்டில் வாரம் முழுக்கத் தங்கினால் எல்லையில் கேள்வி வரும், அடுத்த விசாவுக்கும் அது நல்லதல்ல.

லீவு பத்து நாளுக்கு மேல் இருந்தால் மட்டும் இரண்டைச் சேருங்கள். ரோமோடு ஏதென்ஸைச் சேர்க்காதீர்கள். அடுத்தடுத்து இடிபாடு பார்த்தால் நான்காம் நாளே கண் மரத்துப்போகும். ரோமோடு ஆண்டலூசியா நன்றாகப் பொருந்தும்: ரோமில் ஐந்து இரவு, செவிலுக்கு மலிவு விலை விமானம், அங்கிருந்து கோர்டோபா, கிரனாடா. அந்த மலிவு விமானங்களில் டிக்கெட் விலையோடு வருவது சின்னக் கைப்பை மட்டும்தான். நம் ஊர்ப் பெட்டிக்குத் தனியாகக் கட்ட வேண்டும். அதை விமான நிலையத்தில் கட்டினால் டிக்கெட் விலையையே தாண்டிவிடும், முன்பதிவின்போதே சேர்த்துவிடுங்கள்.